நின்றுபோன கடிகாரத்திலிருந்து தொடங்கலாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த தத்துவ அறிமுகக் கட்டுரையைப் படித்தேன். சாக்ரடீஸ் முதல் கான்ட் வரை பெயர்களும் காலங்களும் சரியாகவே இருந்தன. ஆனால் முதன்முறையாகத் தத்துவத்தின் பக்கம் வருகிற ஒருவர் இதைப் படித்துவிட்டு, "சரி, இதெல்லாம் எனக்கு எதற்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடுவாரே என்ற கவலையில்தான் எழுதுகிறேன்.

நான் கல்லூரியில் தத்துவம் நடத்துகிறேன். முதல் வகுப்பில் யார் பெயரையும் சொல்வதில்லை. சுவர்க் கடிகாரம் மூன்று காட்டுகிறது. பார்த்துவிட்டு "மணி மூன்று" என்கிறீர்கள். உண்மையிலேயே அப்போது மூன்றுதான். ஆனால் கடிகாரம் நேற்று மூன்று மணிக்கே நின்றுபோயிருக்கிறது. மணி மூன்று என்பது உங்களுக்குத் தெரிந்திருந்ததா, இல்லையா?

வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிடும். "சொன்னது சரிதானே" என்பார்கள் சிலர். "குருட்டாம்போக்கில் சரியாகிவிட்டது, அவ்வளவுதான்" என்பார்கள் மற்றவர்கள். அப்புறம்தான் கேட்பேன்: அப்படியானால் 'தெரியும்' என்று எதைச் சொல்கிறோம்?

தக்க காரணத்தோடு நம்புவதும், நம்பியது உண்மையாக இருப்பதும் சேர்ந்தால் அறிவு என்ற விளக்கத்தை 1963இல் அமெரிக்கத் தத்துவ அறிஞர் எட்மண்ட் கெட்டியர் மூன்றே பக்கக் கட்டுரையில் ஆட்டம் காண வைத்தார். 8ஆம் நூற்றாண்டிலேயே பௌத்த அறிஞர் தர்மோத்தரர் இதே சிக்கலைத் தொட்டிருக்கிறார். இறைச்சி சுட நெருப்பு மூட்டியாயிற்று, புகை இன்னும் எழவில்லை. வாசனைக்குப் பூச்சிகள் மொய்க்கின்றன. தொலைவில் நிற்பவர் அந்தக் கரிய திரளைப் புகை என்று நினைத்து "அங்கே நெருப்பு இருக்கிறது" என்கிறார். நெருப்பு இருக்கத்தான் செய்கிறது! கெட்டியரையும் தர்மோத்தரரையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்போது மாணவர்களின் முகம் மாறுவதை ஒவ்வொரு ஆண்டும் பார்க்கிறேன்.

போட்டித் தேர்வுக்கு உதவும் என்று கட்டுரையாளர் முடித்திருந்தார். உதவலாம். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது ஒரு மாணவி சொன்னது. கைபேசிக்கு வந்த ஒரு செய்தியை எல்லோருக்கும் அனுப்பப் போயிருக்கிறாள். 'இது எனக்கு எப்படித் தெரியும்?' என்று தோன்றவே விரல் நின்றுவிட்டதாம். செய்தி உண்மையா பொய்யா என்பது கூட அப்புறம்தான். அந்த ஒரு கணம் நிற்கப் பழகுவதற்குத்தான் தத்துவம் படிக்க வேண்டும் என்கிறேன்.

தொடரின் அடுத்த பகுதியில் இப்படி ஒரே ஒரு கேள்வியை எடுத்து நிதானமாக எழுதச் சொல்லுங்கள். விடையை அதே இதழில் அச்சிட வேண்டாம்.

அன்புடன்,
தங்கள் நெடுநாள் வாசகர்