முதலில் பிளக் பாயின்ட், அப்புறம் கார்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த மின்சார கார் கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். எந்த கார் எத்தனை விநாடியில் நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொடும், திரை எத்தனை அங்குலம், டிக்கியில் எத்தனை பெட்டி பிடிக்கும் என்று எல்லாம் இருந்தது. சார்ஜ் பற்றி மட்டும் ஒரே வரி: ‘இரவில் வீட்டிலேயே சார்ஜ் போட்டுக்கொள்ளலாம்.’ அந்த ஒரு வரிக்காக நான் ஏழு மாதம் அலைந்தவன். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் இருப்பது அடுக்குமாடியில், நாலாவது மாடி. கார் நிற்பது தரைக்குக் கீழே, பார்க்கிங்கின் கடைசி மூலை. மீட்டர் பெட்டிகள் உள்ள அறையோ நேர் எதிர்க்கோடியில். முன்பணம் கட்டி, கலரும் முடிவு செய்து, கார் வர இரண்டு வாரம் இருக்கும்போதுதான் டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்தேன். 62 மீட்டர். காரோடு இலவசமாக வரும் சார்ஜருக்கு அவர்கள் தருவது பத்து மீட்டர் ஒயர்தான். அது விற்பனைத் தாளில் அச்சாகியே இருந்தது. என் கண்ணில்தான் படவில்லை.

சரி, சமாளிப்போம் என்று முதல் வாரம் தண்ணீர் மோட்டார் பக்கத்தில் இருந்த பொது பிளக்கிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுத்தேன். மூன்றாம் நாள் காலையில் பிளக்கை உருவப் போனால் கையை வைக்க முடியவில்லை. ஒரு பின் கறுத்து, பாக்ஸின் பிளாஸ்டிக் உப்பியிருந்தது. இஸ்திரிப் பெட்டி பத்து நிமிஷம் சூடாகி ஓய்ந்துவிடும். கார் எட்டு மணி நேரம் ஒரே மூச்சில் இழுக்கும். எலக்ட்ரீஷியன் அந்தப் பழைய ஒயரை விரலிடுக்கில் உருட்டிப் பார்த்துவிட்டு, “இது லைட்டுக்குப் போட்டது சார்” என்றார். அத்தோடு அந்த விளையாட்டு முடிந்தது. பொது மின்சாரத்தில் யார் வீட்டுக் கார் ஓடுகிறது என்று கீழ்வீட்டு அம்மா கேட்டதும் நியாயம்தான்.

அப்புறம் சங்கக் கூட்டங்கள். ஒன்றல்ல, நாலு. தீப்பிடித்தால் என்ன செய்வது என்று ஒருவர். அவருடைய பெட்ரோல் வண்டியும் அதே கூரைக்குக் கீழேதான் நிற்கிறது என்று நான் சொல்லியிருக்கக் கூடாது; அதில் ஒரு மாதம் போயிற்று. உருப்படியான கேள்வி இன்னொருவருடையது: “இன்றைக்கு நீங்கள், நாளைக்கு இருபது பேர் வந்தால் கட்டடத்தின் லோடு தாங்குமா?” இருபது கார்களும் ஒரே நேரத்தில் ஏழு கிலோவாட் இழுத்தால் 140 கிலோவாட், தாங்காதுதான். ஆனால் இருக்கும் மின்சாரத்தைக் கார்களுக்குள் பங்கு போட்டு, இரவு முழுக்க மாற்றி மாற்றித் தரும் சார்ஜர்கள் வந்துவிட்டன. எல்லாக் கார்களும் காலை ஏழு மணிவரை சும்மாதானே நிற்கின்றன.

கடைசியில் என் வீட்டு மீட்டரிலிருந்தே, என் செலவில், ஆறு சதுர மில்லிமீட்டர் ஒயரில் தனி லைன். அதற்குத் தனி பிரேக்கர், மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் இன்னொரு பிரேக்கர், சரியான எர்த். வேலை இரண்டே நாள். அனுமதிதான் ஏழு மாதம். பிரான்ஸில் அடுக்குமாடிக்காரர் சார்ஜ் பாயின்ட் வைத்துக்கொள்வதற்குச் சட்டத்தில் ‘பிளக் உரிமை’ என்றே பெயர். ஜெர்மனியில் 2020 டிசம்பர் முதல் வீட்டுக்காரர் மட்டுமல்ல, வாடகைக்குக் குடியிருப்பவரும் அதைக் கேட்டு வாங்கலாம். இந்த இரண்டு வரி உங்கள் கட்டுரையில் இருந்திருந்தால் கூட்டத்தில் எடுத்து நீட்டியிருப்பேன்.

அந்த ஏழு மாதமும் பொதுச் சார்ஜர்தான் கதி. என் போனில் ஐந்து ஆப். ஐந்திலும் கொஞ்சம் கொஞ்சம் பணம் தூங்குகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, காரில் செருகும் மூன்று சார்ஜர் துப்பாக்கியில் ஒன்று வேலை செய்யவில்லை, இன்னொன்றின் முன்னால் பெட்ரோல் கார் நின்றது. மூன்றாவதில் இருந்தவர் 82 சதவீதத்திலிருந்து நூறுக்குப் போய்க்கொண்டிருந்தார். குடம் நிரம்பப் போகும்போது குழாயைச் சிறிதாக்குவோமே, வேகச் சார்ஜரும் எண்பதைத் தாண்டினால் அப்படித்தான். அந்தக் கடைசி இருபதுக்கு அரை மணிக்கு மேல் காத்திருந்தேன். அவரைத் திட்டியும் பயனில்லை. அவருக்கும் வீட்டில் பிளக் இல்லையாம்.

இதில் வேடிக்கை, எனக்கு வேகமே தேவைப்படவில்லை. 16 ஆம்பியர் பிளக்கில் சுமார் மூன்று கிலோவாட் கிடைக்கும். எட்டு மணி நேரத்தில் 24 யூனிட். சார்ஜ் ஆகும்போது வீணாவது போக 21 என்று வையுங்கள். நகரத்துக்குள் யூனிட்டுக்கு ஆறு கிலோமீட்டர் ஓடினாலும் 125 கிலோமீட்டர் ஆயிற்று. என் தினசரி ஓட்டம் 35. இரண்டரை மணி நேரச் சார்ஜ் போதும். இந்தக் கணக்கை முதலிலேயே போட்டிருந்தால் பெரிய பேட்டரிக்குப் பணம் கொட்டியிருக்க மாட்டேன். வருஷத்தில் ஆறு நாள் ஊருக்குப் போவதற்காக மீதி நாளெல்லாம் அந்த எடையையும் சேர்த்துச் சுமக்கிறேன்; டயரும் சீக்கிரம் தேய்கிறது.

வீட்டு மின்சாரத்தைப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றித் தர, காருக்குள்ளேயே ஒரு சார்ஜர் இருப்பதும் கட்டுரையில் இல்லை. சுவரில் 22 கிலோவாட் பெட்டியை மாட்டினாலும், காருக்குள் இருப்பது 3.3 கிலோவாட் என்றால் அவ்வளவுதான் ஏறும். விற்பவர்கள் சுவர்ப்பெட்டியைக் காட்டுவார்கள். இந்த எண்ணை நாம்தான் கேட்க வேண்டும். பேட்டரி எந்த வகை என்றும் கேளுங்கள். இரும்பு பாஸ்பேட் வகையை நூறுவரை ஏற்றலாம், அது அவ்வளவாகக் கோபித்துக்கொள்ளாது. நிக்கல் வகைக்கு அன்றாடம் எண்பதோடு நிறுத்துவது நல்லது. விளம்பரத்தில் போடும் ரேஞ்ச், அதாவது ஒரு முழுச் சார்ஜில் ஓடும் தூரம், சோதனைச்சாலை எண். ஆனால் பெட்ரோல் காருக்கு நேர்மாறாக, நெரிசலில் இது நன்றாகவே மைலேஜ் தரும். பிரேக் பிடிக்கும்போதெல்லாம் கொஞ்சம் மின்சாரம் திரும்பி வரும். ரேஞ்சைக் குறைத்துவிடுவது நெடுஞ்சாலை வேகம்தான்.

பணம் பற்றிக் கொஞ்சம். நிறைய நிறுவனங்கள் பேட்டரிக்கு எட்டு வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரன்ட்டி தருகின்றன; கொள்ளளவு 70 சதவீதத்துக்குக் கீழே போனால்தான் அது செல்லும் என்று பெரும்பாலும் ஒரு வரி இருக்கும். கடன் தவணை அதற்குள் முடிகிற மாதிரி வாங்குங்கள். ஆயில் மாற்றும் செலவு கிடையாது, பிரேக் பேடு நெடுநாள் வரும், யூனிட் செலவும் குறைவு. ஆனால் மிச்சம் வருவது ஓடுகிற கிலோமீட்டரில்தான். தினம் எட்டு கிலோமீட்டர் ஓட்டும் என் மைத்துனர் கேட்டபோது, இருக்கிற பழைய காரையே ஓட்டுங்கள் என்றேன். வாடகை வீட்டில் இருக்கும் தம்பிக்கும் அதே பதில்தான்: அறுபது மீட்டர் ஒயரைப் போட்டுவிட்டு அடுத்த வருஷம் காலி செய்தால், சுவரோடு போன ஒயரைச் சுருட்டிக்கொண்டா போவான்?

அடுத்த முறை ஒப்பீட்டு அட்டவணை போடும்போது ‘நூறைத் தொடும் நேரம்’ என்ற பத்தியை எடுத்துவிட்டு, காருக்குள் இருக்கும் சார்ஜர் எத்தனை கிலோவாட், இலவச ஒயர் எத்தனை மீட்டர் என்று இரண்டு பத்தி சேருங்கள். அடுக்குமாடியில் அனுமதி வாங்குவது பற்றித் தனிக் கட்டுரையே போடலாம். எழுதுகிறவர் அடுக்குமாடியில் குடியிருப்பவராக இருந்தால் நல்லது.

இப்படிக்கு,
நாலாவது மாடி வாசகர்