மாஸ்ட்ரிக்ட் தேவாலயத்தில் சைக்கிளும் புத்தகமும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஐரோப்பாவில் ஆளில்லாத தேவாலயங்கள் கடையாகவும் ஹோட்டலாகவும் மாறுவதைப் பற்றிப் போன ஞாயிற்றுக்கிழமை வந்த கட்டுரையைப் படித்தேன். அதில் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரத்தில் இப்போது புத்தகக் கடையாக இருக்கும், டொமினிக்கன் சபைத் துறவிகளின் பழைய தேவாலயத்தை, கடவுளை வெளியே அனுப்பிவிட்டுக் கல்லாப்பெட்டியை வைத்துவிட்டார்கள் என்கிற தொனியில் ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். எனக்கு அது உறுத்தியது, ஏனென்றால் அந்த இடத்துக்கு நான் மூன்று நான்கு முறை போயிருக்கிறேன்.

13ஆம் நூற்றாண்டுக் கட்டடம் அது. 1794இல் பிரெஞ்சுப் படை ஊரைப் பிடித்த பிறகு துறவிகள் போனார்கள், குதிரைகள் வந்தன, அப்புறம் கிடங்கு, கடைசியில் சைக்கிள் நிறுத்துமிடம். புத்தகக் கடை வந்தது 2006இல்தான். ஆக, கடை வெளியே தள்ளியது சைக்கிள்களைத்தான்.

சரி, நான் எழுத வந்தது உள்ளே நடந்திருக்கும் வேலையைப் பற்றி. கடைக்கு 1200 சதுர மீட்டர் வேண்டும், தரையில் இருந்ததோ 750. நாமாக இருந்தால் என்ன செய்வோம், குறுக்கே ஒரு மச்சு போட்டுவிடுவோம். கடைக்காரர்களும் முதலில் அப்படித்தான் யோசித்தார்கள். மெர்க்ஸ் + கிரோட் என்ற வடிவமைப்பாளர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. மச்சு போட்டால் உயரம் போய்விடும், உயரம்தான் அழகு என்கிற கோதிக் பாணித் தேவாலயத்தில் அது போனால் பார்க்க என்ன இருக்கிறது? அதனால் ஒரு பக்கத்தில் மட்டும், தூண்களை ஒட்டி, பழைய சுவரில் மாட்டாமல் தன் காலிலேயே நிற்கிற மாதிரி, கறுப்பு இரும்பில் பல அடுக்குப் புத்தக அலமாரி ஒன்றைக் கட்டினார்கள். அதற்குள்ளேயே படிக்கட்டு, லிஃப்ட் எல்லாம். மற்ற பக்கம் தாழ்வான மேசைகள்தான், அங்கே நின்று அண்ணாந்தால் கூரை வரை காலி. நாளைக்கே கடை வேண்டாம் என்றாலும் இரும்பைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விடலாம், தேவாலயம் அப்படியே இருக்கும்.

அந்த அலமாரியின் மேலடுக்கு வரை ஏறிப் பாருங்கள். கூரை வளைவில் 1619இல் தீட்டிய ஓவியம், மங்கித்தான் போயிருக்கிறது, ஆனால் கழுத்து வலிக்காமல் கிட்டத்தில் பார்க்கலாம். சுவரில் 1337ஆம் ஆண்டு ஓவியம் ஒன்று, டொமினிக்கன் துறவியும் இறையியல் அறிஞருமான புனித தாமஸ் அக்குவினாஸைப் பற்றியது. வாழ்நாளெல்லாம் படிப்பும் எழுத்துமாக இருந்த மனிதர். குதிரை லாயத்தைவிடப் புத்தகக் கடை அவருக்குத் தேவலை என்றுதான் நினைக்கிறேன்.

குறை இல்லாமல் இல்லை. பலிபீடம் இருந்த பக்கம் காபிக் கடை, அதில் சிலுவை வடிவத்தில் ஒரு நீள மேசை. அந்தக் குறும்பு எதற்கு? சாதாரண மேசை போட்டிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

இன்னொன்று. 2014இல் கடையை நடத்திய நிறுவனம் திவாலானபோது வாசகர்கள் கைக்காசு போட்டு அதை மூடவிடாமல் தனிக் கடையாக நிற்கவைத்தார்கள். உங்கள் கட்டுரையில் அதுவும் இல்லை, உள்ளே எடுத்த படமும் இல்லை. துருநிற இரும்பு வாசல் மட்டும்தான் இருந்தது. அடுத்த முறை உள்ளே எடுத்த படம் ஒன்றையாவது போடுங்கள்.

ஒரு வாசகர்,
ஐண்ட்ஹோவன், நெதர்லாந்து