ஆண்டறிக்கை: இந்த வருசம் மேடைப் பேச்சு கம்மி, ஒண்ணா உக்காந்து செஞ்ச வேலை ஜாஸ்தி

நம்ம ஆய்வு மாணவர் சங்கத்தோட தலைவர் ஐயாவுக்கும் செயலவை நண்பர்களுக்கும், ஸ்கூல் வேலை ஆபீஸ் வேலை முடிச்சிட்டு நேரா பிரிக்ஃபீல்ட்ஸ் வந்து சேந்திருக்கற உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

போன பொதுக்கூட்டத்துல நாம ஒரு முடிவு எடுத்தோம். வருசா வருசம் பெரிய ஆளா ஒருத்தர கூப்பிட்டு, ஆய்வு செய்வது எப்படின்னு ரெண்டு மணி நேரம் பேச வச்சு, பொன்னாடை போத்தி, போட்டோ எடுத்து அனுப்பி வைக்கறத நிறுத்திட்டு, ஆய்வு மாணவங்க நெஜமாவே கையால செய்யற வேலைகள ஒண்ணா உக்காந்து செஞ்சு பாக்கற மாதிரி பட்டறை வைக்கணும்னு. இந்த வருசம் அப்படியே பண்ணோம். அது சரியான முடிவுன்னுதான் நான் நெனைக்கறேன், அதையே அடுத்த வருசமும் தொடரணும்னு கேட்கத்தான் இவ்ளோ விரிவா எழுதறேன்.

சயன்ஸ் பக்கம் பிஎச்டி பண்ற பிள்ளைங்களுக்கு லேப்னு ஒண்ணு இருக்கு. பக்கத்து மேசை சீனியர் என்ன பண்றாரு, எங்க சிக்குது, எப்படி சரி பண்றாருன்னு தினமும் கண்ணால பாத்தே பாதி கத்துக்கறாங்க. இலக்கியம், வரலாறு, மொழியியல், சமயம்னு பண்ற நமக்கு அது கெடையாது. சூப்பர்வைசர எப்பவாவது பாக்கறோம், மத்த நேரமெல்லாம் வீட்ல பிள்ளைங்க தூங்கினப்பறம் சாப்பாட்டு மேசையில லேப்டாப்ப தொறந்து வச்சிட்டு தனியா உக்காந்திருக்கோம், பக்கத்து ஆளு எப்படி நோட்ஸ் எடுக்கறாருன்னு கூட பாத்ததில்ல. நம்ம உறுப்பினர்கள்ல பாதிக்கு மேல தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள், பார்ட் டைம்ல பண்றவங்க. கேம்பஸ்ல ட்ரெயினிங் புதன்கிழமை காலைல வச்சா அவங்களால எப்படி போக முடியும்? அதனால எல்லா பட்டறையும் சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல இல்லன்னா ஸ்கூல் லீவுல வச்சோம். ஈப்போ, சிரம்பான்லேருந்தெல்லாம் ட்ரெயின் ஏறி கேஎல் சென்ட்ரல்ல எறங்கி வந்தாங்க.

முதல் பட்டறை ஆவணக்காப்பகத்தப் பத்தி. ஜாலான் டூத்தாவுல இருக்கற அர்க்கிப் நெகாராவுக்கு (தேசிய ஆவணக்காப்பகம்) போகணும்னு எல்லாருக்கும் தெரியும், போயி என்ன கேக்கறதுன்னுதான் தெரியாது. அங்க இருக்கற சிலாங்கூர் செக்ரட்டேரியட் (வெள்ளக்காரன் கால மாநில அரசு அலுவலகம்) ஃபைல்கள்ல தோட்டம், கூலி, பள்ளிக்கூடம், கள்ளுக்கடை எல்லாமே வரும், ஆனா நாம தேடற பேர்ல வராது. நம்ம ஆளுங்க தோட்டத்துக்கு வச்ச தமிழ்ப்பேரு ஒண்ணு, ஃபைல்ல இருக்கற கம்பெனிப் பேரு இன்னொண்ணு. முனியாண்டின்னு ஒரு பேர வெள்ளக்கார கிளார்க் நாலு விதமா எழுதியிருப்பான். அதனால போறதுக்கு முன்னாடியே வீட்ல உக்காந்து ஒரு பேர்ப்பட்டியல் தயார் பண்ணிட்டு, ஆன்லைன் கேட்டலாக்ல ஒவ்வொரு ஸ்பெல்லிங்கா போட்டு பாத்து, ஃபைல் நம்பர எழுதிக்கிட்டுத்தான் கெளம்பணும். தோட்டப் பள்ளிகளப் பத்தி ஆய்வு பண்ற ஒரு தங்கச்சி தன்னோட போன்ல இருக்கற படங்கள அப்படியே ஸ்கிரீன்ல போட்டு காட்டுச்சு. முதல் படம் ஃபைல் அட்டை, அடுத்தடுத்த ஒவ்வொரு படத்தோட ஓரத்துலயும் ஃபைல் நம்பர் எழுதின சின்ன துண்டு பேப்பர். ஆறு மாசம் கழிச்சு இந்தப் பக்கம் எந்த ஃபைல்ல இருந்துச்சுன்னு தேடி அலைய வேண்டியதே இல்ல. இதுக்கு செலவு ஒரு துண்டு பேப்பர்தான், ஆனா எந்த மெதடாலஜி புக்லயும் நான் இதப் படிச்சதில்ல.

அன்னிக்கே இன்னொரு விசயமும் பேசினோம். ஒப்பந்தக் கூலி முறை 1910ல முடிவுக்கு வந்துச்சு, 1922ல இந்தியக் குடியேற்றச் சட்டம், அதுக்கப்பறம் இந்திய அரசாங்கத்தோட ஏஜண்ட் ஒருத்தர் மலாயாவுலயே இருந்து வருசா வருசம் ரிப்போர்ட் எழுதினாரு, 1938ல உதவிப் பயணத்துல (பயணச் செலவ மத்தவங்க ஏத்துக்கிட்டு) ஆள் அனுப்பறதயே இந்தியா நிறுத்திடுச்சு. ஏஜண்ட் எழுதினதையும் இங்க லேபர் டிபார்ட்மெண்ட் எழுதினதையும் பக்கத்துல பக்கத்துல வச்சு படிச்சாத்தான் சம்பளத் தகராறு என்னன்னு புரியும், ஒண்ண மட்டும் படிச்சா ஒரு தரப்பு கத மட்டும்தான் கெடைக்கும். லண்டன் கியூவுல பிரிட்டிஷ் தேசிய ஆவணக்காப்பகத்துல இருக்கற காலனி ஆபீஸ் (சுருக்கமா சிஓ) கடிதங்கள்ல சிஓ 273ன்னா நீரிணைக் குடியேற்றங்கள் (சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா), சிஓ 717ன்னா கூட்டு மலாய் மாநிலங்கள், இத மேற்கோள்ல எப்படி போடறதுன்னும் எழுதிப் பழகினோம்.

ரெண்டாவது பட்டறை கம்ப்யூட்டர்ல தமிழ். இதுக்குத்தான் கூட்டம் அதிகம், நாற்காலி பத்தாம பக்கத்து கடையில வாங்கிட்டு வந்தோம். 1924ல ஆரம்பிச்ச தமிழ் நேசன் நாளிதழ் 2019ல நின்னு போச்சு. 1935ல சிங்கப்பூர்ல தொடங்கின தமிழ் முரசு நாளிதழோட பழைய இதழ்கள சிங்கப்பூர் தேசிய நூலகம் இணையத்துல போட்டிருக்கு, அத வச்சுத்தான் நம்ம பசங்க பல பேரு வேல செய்றாங்க. பிரச்சன எங்கன்னா பழைய அச்செழுத்து. தமிழ்நாட்டுல 1978ல எழுத்துச் சீர்திருத்தம் வர்றதுக்கு முன்னாடி ணை, லை, றா, னா எல்லாம் வேற வடிவத்துல இருந்துச்சு, படத்துல இருக்கற எழுத்த படிச்சு தட்டச்சா மாத்தற ஓசிஆர் அங்கதான் தடுமாறுது. கூகுள் டிரைவ்ல ஏத்தினா நல்லாவே படிக்குது, ஆனா இந்த எழுத்துகள்ல கண்ண வச்சு ஒரு தடவ சரி பாக்காம மேற்கோள் எடுக்கவே கூடாது. ஒரே பத்திய பத்து பேருக்கு குடுத்து திருத்தச் சொன்னோம், ஆளுக்கு ஒரு எடத்துல தப்ப விட்டிருந்தாங்க, அத ஒத்துப் பாத்தப்பதான் எந்தெந்த எழுத்துல ஏமாறுவோம்னு எல்லாருக்கும் பிடிபட்டுச்சு.

அப்பறம் சோட்டேரோ. நூற்பட்டியலையும் மேற்கோளையும் ஒழுங்கா வச்சுக்க காசில்லாம கெடைக்கற சாஃப்ட்வேர், 2006லேருந்து இருக்கு, ஆனா நம்ம பேரு அதுக்குப் புரியாது. நம்மகிட்ட குடும்பப் பேரு கெடையாது, அப்பா பேருதான் பின்னாடி நிக்கும், மேற்கோள் ஸ்டைல் அத திருப்பிப் போட்டு ஆசிரியர் எழுதின புத்தகத்த அவரோட அப்பா எழுதின மாதிரி ஆக்கிடும். பேரு போடற எடத்துக்குப் பக்கத்துல இருக்கற சின்ன பட்டன அமுக்கினா முதல் பேரு கடைசிப் பேருன்னு பிரிக்காம ஒரே கட்டமா மாறிடும், அதுல முழுப் பேரையும் போட்டுட்டா திருப்பாது. இது தெரிஞ்ச அன்னிக்கு ரெண்டு மூணு பேரு தங்களோட முழு நூற்பட்டியலையும் அங்கயே உக்காந்து மாத்தினாங்க. அகர வரிசையும் கவனிக்கணும், கம்ப்யூட்டர் எழுத்துகளுக்கு பொதுவா நம்பர் குடுக்கற யூனிகோட்ல ற, ன ரெண்டும் கடைசியில இல்லாம ரகரத்துக்கும் நகரத்துக்கும் பக்கத்துல இருக்கு, அதனால சில சாஃப்ட்வேர் நம்ம நெடுங்கணக்கு வரிசையில அடுக்காது. முரசு அஞ்சல்ங்கற தமிழ்த் தட்டச்சு சாஃப்ட்வேர் 1985லயே உருவான ஊரு இது, இங்க இருக்கற பிள்ளைங்க இன்னும் பழைய ஃபாண்ட்ல தட்டச்சு பண்ணி அத மாத்தத் தெரியாம நிக்கக் கூடாதுங்கறது என் ஆதங்கம்.

நேர்காணல் பட்டறையப் பத்தி கொஞ்சம் கூடுதலா எழுதறேன், ஏன்னா இதுல நேரம் நம்ம கையில இல்ல. ரெண்டாம் உலகப் போர்ல ஜப்பான்காரங்க நம்ம தோட்டத்து ஆளுங்களையும் கொண்டு போயி போட்ட சயாம் மரண ரயில் பாதை 415 கிலோமீட்டர், 1943 அக்டோபர்ல முடிஞ்சுச்சு, அங்க போயிட்டு வந்தவங்க அநேகமா யாருமே இப்ப இல்ல, அவங்க சொன்னத கேட்டு வளந்த பிள்ளைங்களுக்கே எழுபது எம்பது வயசாச்சு. லயத்து வீட்ல (தோட்டத் தொழிலாளருக்கான வரிசை வீடு) பொறந்து ரப்பர் மரத்துல பால் வெட்டின ஒரு பாட்டிய, அவங்க பேத்தியோட சம்மதத்தோட பட்டறைக்கு அழைச்சிட்டு வந்தோம். எல்லார் முன்னாடியும் ரெண்டு பேரு மாறி மாறி பேட்டி எடுத்தாங்க. முதல்ல உக்காந்த தம்பி, அப்பல்லாம் ரொம்ப கஷ்டமா இருந்துச்சா பாட்டின்னு கேட்டாரு, பாட்டி ஆமாப்பா கஷ்டந்தான்னு சொல்லிட்டு நிறுத்திட்டாங்க. அடுத்த கேள்விய பாக்க தம்பி போன குனிஞ்சு பாத்தாரு, பாட்டி பேத்தி பக்கம் திரும்பிட்டாங்க. அப்பறம் உக்காந்த அக்கா, காலைல பெரட்டுக்கு (வேலைக்கு முன்னாடி பேர் கூப்பிடறது) எத்தன மணிக்கு எந்திரிப்பீங்க பாட்டின்னு மட்டும் கேட்டுட்டு கைய மடியில வச்சிட்டு சும்மா இருந்தாங்க. பெரட்டு மணி அடிக்கறதுல ஆரம்பிச்சு, காண்டா கம்பு (ரெண்டு பக்கமும் பால் வாளி மாட்டித் தூக்கற கம்பு) தோள்ல எப்படி அழுத்தும், மழ வந்தா பால் என்னாவும், கைப்பிள்ளைய ஆயாக்கொட்டாயில (தோட்டத்துக் கொழந்த காப்பகம்) விட்டுட்டு போறப்போ மனசு எப்படி இருக்கும்னு பாட்டி நிறுத்தாம பேசினாங்க. அங்க இருந்த யாருக்கும் அதுக்கு மேல விளக்கம் தேவப்படல.

செய்முறையில சில விசயம்: மேல ஓடற காத்தாடிய நிறுத்தணும், டிவிய நிறுத்தச் சொல்லி மரியாதையா கேக்கணும், ரெண்டு கருவியில பதிவு பண்ணணும். யுனிவர்சிட்டி குடுக்கற சம்மதப் பாரம் மலாய்லயோ இங்கிலீஷ்லயோ இருக்கும், படிக்கத் தெரியாத பெரியவங்க கிட்ட அத நீட்டி கையெழுத்து வாங்கறது சம்மதம் ஆகாது, தமிழ்ல எடுத்துச் சொல்லி அவங்க சரின்னு சொல்றத பதிவுலயே வாங்கணும், எத்திக்ஸ் கமிட்டிகிட்டயும் அத முன்னாடியே எழுதி அனுமதி கேக்கணும். ஒரு மணி நேரப் பேச்ச எழுத்தாக்க நாலுலேருந்து ஆறு மணி நேரம் ஆகும்னு கணக்கு வச்சுக்கிட்டு திட்டம் போடணும், அதுக்கு நெதர்லாந்து மேக்ஸ் பிளாங்க் நிறுவனத்தோட ஈலான்ங்கற சாஃப்ட்வேர் இலவசமா கெடைக்குது. பேச்சுத் தமிழ எழுத்துத் தமிழா மாத்திடலாமான்னு பெரிய விவாதம் நடந்துச்சு. மாத்தக்கூடாதுங்கறதுதான் என் கருத்து, பாட்டி பேசினது பாட்டி பேசின மாதிரியே இருக்கணும், விளக்கம் வேணும்னா அடிக்குறிப்புல போடலாம்.

ஜர்னல் பட்டறைய சுருக்கமா சொல்லிடறேன். நம்ம உறுப்பினர் ஒருத்தர் கட்டுரைக்கு நாலே நாள்ல அப்ரூவல் குடுத்த ஒரு ஜர்னலுக்கு காசு கட்டி ஏமாந்தாங்க, யாரும் படிச்சுப் பாக்காத கட்டுர அது. வேகமா அச்சாகணும்ங்கற அழுத்தம் மாணவங்க மேல இருக்கறவரைக்கும் இந்த மாதிரி ஆளுங்க இருக்கத்தான் செய்வாங்க. தரமான ஜர்னல்களோட பேரு இருக்கற ஸ்கோபஸ் பட்டியல்ல அந்தப் பேரு இன்னும் இருக்கா, எடுத்துட்டாங்களா, ஆசிரியர் குழுவுல இருக்கறவங்க நெஜமாவே அங்க இருக்காங்களா, இத காசு கட்டறதுக்கு முன்னாடி பாக்கணும்.

மாதிரி வைவா (ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வு) ஒண்ணும், மூணு நிமிச ஆய்வு உரை ஒண்ணும் நடந்துச்சு. இந்த மூணு நிமிச உரை ஆஸ்திரேலியா குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்துல 2008ல தொடங்கினது, ஒரே ஒரு அசையாத ஸ்லைடு, அதுக்கு மேல எதுவும் கூடாது. நாம தமிழ்லயும் மலாய்லயும் வச்சோம். சங்க இலக்கியத்துல ஆய்வு பண்ற ஒருத்தர் தன் ஆய்வ முதல் தடவையா தன்னோட வீட்டுக்காரருக்கு புரியற மாதிரி சொன்னதா சந்தோசப்பட்டாங்க.

வரவு செலவு பொருளாளர் அக்கா தனியா படிப்பாங்க. ஆளுக்கு பத்து வெள்ளி வாங்கினது டீக்கும் வடைக்கும் வாடகைக்கும் சரியாப் போச்சு. சங்கச் சட்டம் 1966 படி இந்தக் கூட்டம் முடிஞ்சு 60 நாளுக்குள்ள சங்கப் பதிவிலாகாவுக்கு ஆண்டு அறிக்க போயாகணும், செயலவை கையெழுத்தெல்லாம் இன்னிக்கே போட்டுக் குடுத்துடுங்க.

அடுத்த வருசத்துக்கு ரெண்டு வேண்டுகோள். ஒண்ணு, நாம கேஎல்லயே நின்னுடக் கூடாது. மலாயா பல்கலைக்கழகத்துல கொஞ்சம் பேரு, தஞ்சோங் மாலிம் உப்சி பல்கலைக்கழகத்துல கொஞ்சம் பேரு, பினாங்கு யுஎஸ்எம் பல்கலைக்கழகத்துல கொஞ்சம் பேருன்னு செதறிக் கெடக்கறோம். பிரிட்டன்ல கலை, மானுடப் புலங்களுக்கான ஆய்வுக் கவுன்சில் 2014லேருந்து பல வருசம் பல பல்கலைக்கழகங்கள ஒரு கூட்டமைப்பா சேத்து, முனைவர் பட்ட மாணவங்களுக்கு பணத்தையும் பயிற்சியையும் சேந்தே குடுத்துச்சு. அவ்ளோ பணம் நம்மகிட்ட இல்ல, ஆனா சேந்து பயிற்சி நடத்தறதுக்கு மனசு போதும். 1966ல முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு இந்தக் கோலாலம்பூர்லதான் நடந்துச்சு, அப்ப மலாயா பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைத் தலைவரா இருந்த தனிநாயகம் அடிகளார் முன்ன நின்னு நடத்தினாரு. அத வருசா வருசம் மேடையில பெருமையா சொல்றோம், அந்தப் பேருக்கு ஏத்த மாதிரி இன்னிக்கு இருக்கற மாணவங்களுக்கு செய்யணும்.

ரெண்டாவது, மாசம் ஒரு சனிக்கிழமை எந்தத் தலைப்பும் இல்லாம ஒரு அறைய தொறந்து வைக்க அனுமதி வேணும். அவங்கவங்க அரகொறையா எழுதின அத்தியாயத்தையோ பாதி எழுத்தாக்கின பேட்டியையோ எடுத்துட்டு வந்து பக்கத்துல பக்கத்துல உக்காந்து வேல செய்யட்டும். அறை வாடகைக்கு பொருளாளர் அக்கா ஒரு கணக்கு போட்டு வச்சிருக்காங்க, கூட்டம் அத ஏத்துக்கணும். பாட்டிக்கும், அவங்கள அழைச்சிட்டு வந்த பேத்திக்கும், நாற்காலி குடுத்த கடைக்கார அண்ணனுக்கும் சங்கத்தோட நன்றி. இந்த அறிக்கைய முன்மொழிந்து வழிமொழியுமாறு கேட்டுக்கறேன்.

செயலாளர், கோலாலம்பூர்