ஞாயிறு தச்சுப் பயிற்சி: வருவதற்கு முன் கவனிக்க வேண்டியவை

உறுப்பினர்களுக்கு வணக்கம்.

தொடக்கநிலைத் தச்சுப் பயிற்சியின் முதல் வகுப்பு வரும் ஞாயிற்றுக்கிழமை காலை 9 மணி முதல் 12 மணி வரை நமது பட்டறையில் நடைபெறும். மூலைமட்டம் (செங்கோணம் பார்க்கும் கருவி) வைத்துக் கோடிடுதல், கோட்டைத் தொடாமல் கழிவுப் பக்கமாக (வெட்டி நீக்கப்படும் பகுதியின் பக்கமாக) அறுத்தல், உளியால் செதுக்குதல் ஆகியவை மட்டுமே அன்று கற்பிக்கப்படும், மரப்பரப்பைச் சீவி வழவழப்பாக்கும் இழைப்புளிக்கு அவசரமில்லை.

1. மூடிய காலணி, பாதுகாப்புக் கண்ணாடி, தூசி முகக்கவசம் கட்டாயம்.
2. தொங்கும் ஆடை, மோதிரம், வளையல் வேண்டாம். நீண்ட கூந்தலை முடிந்துகொள்ளவும்.
3. சுழலும் இயந்திரத்தருகே கையுறை அணியக் கூடாது. கையுறையின் ஓரம் சிக்கினால் கையையும் சேர்த்து இழுத்துவிடும்.
4. பலகையை ஒரு கையால் அழுத்திக்கொண்டு மறு கையால் உளியைத் தள்ளியதன் தழும்பு என் இடது பெருவிரலில் இன்றும் இருப்பதால் வலியுறுத்துகிறேன்: பலகையைக் கிளாம்பில் இறுக்கிய பின், இரு கைகளும் உளியின் கூர்முனைக்குப் பின்னால் இருக்குமாறு பிடிக்கவும். மழுங்கிய உளி கூடுதல் அழுத்தம் கேட்டு வழுக்கும் என்பதால், முதல் அரை மணி நேரம் சாணைக்கல்லில்தான் கழியும்.
5. மரத்துக்குப் பூசும் ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே தீப்பற்றக்கூடும், விரித்து உலர்த்தவும்.

வருகிறவர்கள் வெள்ளிக்கிழமை இரவு 8 மணிக்குள் தங்கள் பெயரை இக்குழுவில் பதிவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.