44ஆம் எண்ணைப் பற்றி, தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய எர்னி டேவிஸ் சிலை போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து உங்கள் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்து ஃபுட்பால் கதையில் மூழ்கிக் கிடக்கிறேன். இது நம் ஊரில் காலால் உதைக்கிற ஃபுட்பால் இல்லை, பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுகிறார்களே அது, என்று அம்மாவுக்குப் புரியவைப்பதற்கே ஒரு சாயங்காலம் போய்விட்டது. அப்புறம் அவளும் கூட உட்கார்ந்து கேட்டாள்.

சிலைக்குக் கீழே ஹைஸ்மேன் கோப்பை வாங்கியவர் என்று போட்டிருக்கிறது, பெரிய ஆள் போல, என்று எழுதியிருந்தாய். பெரிய ஆள்தான். 1935இலிருந்து கொடுத்துவரும் கோப்பை அது, கல்லூரி ஃபுட்பாலில் ஒரு தனி ஆளுக்கு அதைவிடப் பெரிய விருது இல்லை. 1961இல் டேவிஸ் வாங்கியபோதுதான் முதன்முதலாக ஒரு கறுப்பினத்தவர் கைக்கு அது போனது. அன்று நியூயார்க்கில் இருந்த ஜனாதிபதி கென்னடி அவரை வரவழைத்துக் கை கொடுத்தார். உங்கள் கல்லூரிக்கு இன்றுவரை கிடைத்த ஒரே ஹைஸ்மேனும் அதுதான். 1987இல் உங்கள் அணியின் டான் மெக்பெர்சன், கல்லூரி வீரர்களுக்கான இன்னொரு பெரிய விருதான மேக்ஸ்வெல்லை வாங்கினார், ஹைஸ்மேனில் இரண்டாவதாக வந்தார், அந்த வருஷம் அணி ஒரு ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லை. அதுவும் சாதாரண விஷயம் இல்லை.

ஆனால் எனக்கு மனசில் நிற்பது கோப்பை இல்லை தம்பி, அந்த டேவிஸ் பையன் தன் ஊரான எல்மைராவிலிருந்து சிரக்யூஸுக்கு எப்படி வந்தான் என்பதுதான்.

அவருக்கு முன்னால் 44ஆம் எண் சட்டை போட்டவர் ஜிம் பிரவுன். 1953இல் அவர் சேர்ந்தபோது முதலாண்டு அணியில் அவர் ஒருவர்தான் கறுப்பர். மற்ற வீரர்களோடு தங்க இடம் கொடுக்கவில்லை, தனியாக வேறு இடத்தில் போட்டார்கள். கல்லூரி உதவித்தொகையில் படிக்கிறோம் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார், உண்மையில் அவர் ஊரான மன்ஹாசெட்டில் ஒரு வக்கீல் நாலு பேரிடம் பணம் திரட்டி அந்த முதல் வருஷச் செலவைக் கட்டியிருந்தார். அப்படி ஆரம்பித்த மனிதர் 1956இல் கோல்கேட் பல்கலைக்கழக அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 43 புள்ளி எடுத்தார், ஆறு டச்டவுன் (பந்தோடு எதிரணியின் கோட்டைத் தாண்டுவது, ஒவ்வொன்றுக்கும் ஆறு புள்ளி), அதற்கு மேல் ஒவ்வொரு புள்ளியாக ஏழு உதைகள், எல்லாம் அவர் ஒருவரே. அந்த வருஷ ஹைஸ்மேன் யாருக்குப் போனது தெரியுமா? பத்து ஆட்டத்தில் இரண்டே ஜெயித்த நோட்டர் டேம் அணியின் பால் ஹோர்னுங்குக்கு. பிரவுனுக்கு ஐந்தாவது இடம். படிக்கும்போது எனக்கே வயிறு எரிந்தது.

அந்த பிரவுன் என்ன செய்திருக்கலாம்? இந்தக் கல்லூரிப் பக்கமே திரும்ப மாட்டேன் என்று போயிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. ஆனால் எல்மைராவில் ஒரு கெட்டிக்காரப் பையன் இருக்கிறான், எந்தக் கல்லூரிக்குப் போவது என்று யோசிக்கிறான் என்றபோது அவரே அவனிடம் பேசி, சிரக்யூஸுக்கு வா என்றார். டேவிஸ் வந்தார், அதே 44ஐப் போட்டுக்கொண்டார்.

1959இல் அணி பதினொன்றுக்குப் பதினொன்று ஜெயித்து தேசிய சாம்பியன் ஆனது. அதில் கடைசி ஆட்டம் 1960 ஜனவரி 1, டல்லாஸில், காட்டன் பவுல் என்கிற பருவ முடிவுப் போட்டி, எதிரே டெக்சாஸ் பல்கலைக்கழகம். டேவிஸுக்குத் தொடைத் தசையில் அடி, ஓட முடியுமா என்பதே சந்தேகம். ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே பந்தைப் பிடித்து ஓடினார் பார், 87 கெஜத்துக்கு டச்டவுன். 23-14 என்று ஜெயித்தார்கள், சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்கே. அன்று ராத்திரி விருந்து. கறுப்பு வீரர்கள் பரிசை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட வேண்டும், உட்கார்ந்து சாப்பிடக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். ஆட்டத்துக்கே அவர்தான் நாயகன்.

அப்புறம் நடந்தது உனக்கும் தெரிந்திருக்கும். 1962இல் தொழில்முறை அணிகள் ஆள் எடுத்தபோது முதல் பெயர் அவருடையது, கிளீவ்லேண்ட் பிரவுன்ஸ் அணிக்குப் போனார், ஜிம் பிரவுன் ஆடிக்கொண்டிருந்த அதே அணி. இரண்டு பேரும் சேர்ந்து ஆடியிருந்தால்! அந்தக் கோடையிலேயே ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. ஒரு ஆட்டம்கூட ஆடாமல் 1963 மே 18இல் போய்ச்சேர்ந்தார். வயது 23. உன்னைவிட ஒன்றரை வயதுதான் மூத்தவர், அந்த இடத்தில் அம்மா எழுந்து போய்விட்டாள்.

சாவதற்குச் சில மாதம் முன்னால் அவர் செய்த ஒரு வேலை உண்டு. ஃபிளாய்ட் லிட்டில் என்ற பையனை வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரி உட்படப் பல இடங்களில் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். டேவிஸ் அவனைப் பார்த்துப் பேசி, சிரக்யூஸுக்கு வருகிறேன் என்று வாக்கு வாங்கினார். மற்ற இடங்கள் அப்போதும் மனசில் இருந்ததாம், டேவிஸ் இறந்த செய்தி கேட்டதும் கொடுத்த வாக்கைக் காப்பாற்றப் புறப்பட்டு வந்ததாக லிட்டிலே பின்னாளில் சொல்லியிருக்கிறார். வந்து 44ஐப் போட்டு மூன்று வருஷமும் ஆல்-அமெரிக்கன் ஆனார், அதாவது நாட்டின் சிறந்த கல்லூரி வீரர்களில் ஒருவராகத் தேர்வானார். தொழில்முறை ஆட்டமெல்லாம் முடித்து, வயதான பிறகு 2011இல் உங்கள் கல்லூரிக்கே திரும்பி வந்து விளையாட்டுத் துறையில் வேலை பார்த்தார்.

எந்த விருதுப் பட்டியலிலும் இல்லாத உங்கள் அணியின் ஒன்பது கறுப்பு வீரர்களையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். 1970இல் சரியான மருத்துவ வசதி வேண்டும், படிப்பில் உதவி வேண்டும், திறமையைப் பார்த்து ஆட விடுங்கள், பயிற்சியாளர்களில் ஒரு கறுப்பரும் இருக்கட்டும் என்று கேட்டுப் பயிற்சியைப் புறக்கணித்தவர்கள். பத்திரிகைகள் எட்டுப் பேர் என்று எழுதியதால் இன்னும் ‘சிரக்யூஸ் எட்டுப் பேர்’ என்றே சொல்கிறார்கள். அப்போதும் பயிற்சியாளர் 1959இல் ஜெயித்த அதே பென் ஷ்வார்ட்ஸ்வால்டர்தான். அவர் எவ்வளவு பெரிய பயிற்சியாளராக இருந்தாலும் இந்த விஷயத்தில் நான் அந்தப் பையன்கள் பக்கம்தான். பெரும்பாலானவர்களுக்கு ஆட்ட வாழ்க்கையே அதோடு முடிந்தது. 2006இல்தான் பல்கலைக்கழகம் கூப்பிட்டுப் பதக்கமும், அன்று கொடுக்காமல் விட்ட அணி ஜாக்கெட்டும் கொடுத்தது. ஆனால் அவர்கள் கேட்டதெல்லாம் பின்னால் வந்த பையன்களுக்குக் கிடைத்தது.

சரி, இதையெல்லாம் ஏன் உட்கார்ந்து எழுதுகிறேன் என்றால், ஜனவரியில் அங்கே சேரப்போகிற அந்த மதுரைப் பையன் விஷயம். நான் வந்தபோது எனக்கு யார் செய்தார்கள், தன்னால் கற்றுக்கொள்ளட்டும் என்று போனில் சொன்னாய். முதல் மாதம் நீ பட்ட பாடு எனக்குத் தெரியும், அதனால்தான் சொல்கிறேன், நீயே விமான நிலையத்துக்குப் போ. அந்த ஊர்ப் பனியில் நம் ஊர் ஸ்வெட்டர் ஒன்றுக்கும் உதவாது, நேராகக் கடைக்குக் கூட்டிப்போய் நல்ல கோட்டும் பூட்ஸும் வாங்க வை, கையில் பணம் குறைந்தால் நீ கொடு, நான் உனக்கு அனுப்புகிறேன். வீடு கிடைக்கும்வரை உன் அறையில் ஒரு பாய் போட இடம் இருக்குமா என்று கூட இருக்கும் பையன்களிடம் கேட்டுச் சொல். அவன் அப்பா நம்பர் என்னிடம் இருக்கிறது, நான் பேசிவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா