கியோனுக்குப் போகும் தம்பிக்கு

அன்புள்ள செந்தில்,

ஏப்ரலில் நீ கியோட்டோ போகிறாய் என்று அம்மா சொன்னதும் எனக்கு அத்தனை மகிழ்ச்சி. ஆனால் புதிதாக வாங்கிய நீண்ட லென்ஸோடு, விருந்துகளில் ஆடிப் பாடும் கலைஞர்களான கெய்ஷாக்களின் பகுதியான கியோனில் காத்திருந்து, ஒரு கெய்ஷாவையாவது படம் பிடிக்காமல் திரும்புவதில்லை என்று நீ எழுதியதைப் படித்தபோது மனம் கலங்கிவிட்டது. அந்தத் தெருக்களில் ஒரு நாள் முழுக்க நடந்தவள் என்ற உரிமையில் கேட்கிறேன். லென்ஸை விடுதியிலேயே வைத்துவிட்டுப் போ.

நான் போனது பிப்ரவரி 25 அன்று. நகரின் வடமேற்கில் இருக்கும் கிட்டானோ தென்மாங்கு கோயிலில் அன்றைக்குப் பிளம் பூத் திருவிழா. 1587இல், அன்று ஜப்பானை ஆண்ட ஹிதெயோஷி இந்தக் கோயிலில் பெரிய தேநீர் விருந்து ஒன்றை நடத்தினார். அதன் நினைவாக, பக்கத்துக் கமிஷிச்சிகென் தெருவின் கெய்கோக்களும் மைக்கோக்களும் அன்று திறந்தவெளியில் தேநீர் தருகிறார்கள். கியோட்டோவில் கெய்ஷாவைக் கெய்கோ என்பார்கள். பயிற்சியில் இருக்கும் இளம்பெண் மைக்கோ. சீட்டு வாங்கிய யாரும் அங்கே உட்காரலாம்.

எனக்குக் கிண்ணம் கொண்டுவந்த மைக்கோவின் முகத்தில் இன்னும் குழந்தைத்தனம் போகவில்லை. வெள்ளை பூசிய முகத்தில் கீழுதடு மட்டும் சிவந்திருந்தது. முதல் வருடத்தில் மேலுதட்டுக்குச் சாயம் இடுவதில்லை. கொண்டையில் பட்டுத் துணியால் செய்த பிளம் பூக்கள். அடுத்த மாதம் அவை கடுகுப்பூவைப் போன்ற மஞ்சள் பூக்களாகும். நீ போகும்போது செர்ரியாக மாறியிருக்கும். கெய்கோ பொய்முடி வைத்துக்கொள்கிறாள், மைக்கோவுக்கோ சொந்த முடிதான். முடித்த கொண்டை பல நாள் கலையாமல் இருக்க வேண்டும் என்பதால் உயரமான தலையணையில் கழுத்தை மட்டும் தாங்கித் தூங்கப் பழகுகிறாள். அவள் திரும்பியபோது முதுகிலிருந்து கணுக்கால் வரை தொங்கிய இடுப்புப் பட்டையைப் பார்த்தேன். அவிழ்த்தால் ஐந்து மீட்டருக்கும் மேல் வரும். அதைக் கட்டிவிடுவதற்கென்றே ஆண்கள் வீட்டுக்கு வருகிறார்கள். பட்டையின் நுனியில் அவள் தங்கிப் பயிலும் வீட்டின் முத்திரை. இத்தனையையும் பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகப் பார்க்க முடிந்ததென்றால், அதற்குக் காரணம் அவளே எங்களைப் பார்க்க வந்திருந்ததுதான்.

கமிஷிச்சிகென் என்றால் மேல் ஏழு வீடுகள். கோயிலைப் புதுப்பித்தபோது மிஞ்சிய மரத்தில் ஏழு தேநீர்க் கடைகள் எழுந்ததாகச் சொல்கிறார்கள். பக்கத்தில் நிஷிஜின் நெசவாளர் பகுதி. அங்குள்ள பட்டு வணிகர்கள்தான் இந்தத் தெருவை வெகுகாலம் தாங்கிப் பிடித்தவர்கள். மதியத்தில் அங்கே நட. சுவரின் அடிப்பகுதியை மறைத்து வளைந்து நிற்கும் மூங்கில் தட்டியையும், நீர் தெளித்த வாசலையும், கதவுக்கு மேலே வரிசையாக இருக்கும் சிறு பெயர்ப்பலகைகளையும் பார். அந்த வீட்டுப் பெண்களின் தொழிற்பெயர்கள் அவை. தன்னைப் பழக்கிய அக்காவின் பெயரிலிருந்து ஓர் எழுத்தை வாங்கிக்கொண்டுதான் தங்கையின் பெயர் அமைகிறது. மாடியில் யாரோ ஷாமிசென் என்ற மூன்று தந்தி வாத்தியம் பழகினால் இன்னும் நல்லது.

மாலையில் கியோன். ஹனாமிகோஜி தெருமுனையில் செந்நிறச் சுவரோடு நிற்கும் இச்சிரிகி தேநீர் இல்லத்தின் (கெய்கோக்களின் விருந்து நடக்கும் இடத்தைத்தான் தேநீர் இல்லம் என்கிறார்கள்) எதிரில் கூட்டம் மொய்த்துக் கிடந்தது. சந்திலிருந்து ஒரு மைக்கோ வெளிப்பட்டதும் அத்தனை பேரும் கைப்பேசியோடு குறுக்கே பாய்ந்தார்கள். ஒருவர் அவள் கிமோனோவின் கைப்பகுதியைப் பிடித்தே இழுத்தார். அவள் முகம் மாறவில்லை. குனிந்த தலையோடு நடையை விரைவாக்கினாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அவள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள், செந்தில். ஒரு விருந்து முடிந்து அடுத்த விருந்துக்கு. முன்பெல்லாம் ஊதுபத்தி எரியும் நேரத்தைக் கொண்டு அவர்களின் கூலியைக் கணக்கிட்டார்கள். வழிமறிக்கிற ஒவ்வொருவரும் அந்த நேரத்தில் கை வைக்கிறார்கள். பொறுத்துப் பார்த்த தெருக்காரர்கள் 2019இல் தனியார் சந்துகளில் படம் எடுத்தால் 10,000 யென் அபராதம் என்று பலகை வைத்தார்கள். 2024இல் அந்தச் சந்துகளுக்குள் சுற்றுலாப் பயணிகள் நுழையவே கூடாது என்றார்கள். ஹனாமிகோஜி பொதுத்தெரு, அதில் நீ தாராளமாக நடக்கலாம். பக்கச் சந்துகளில் கால் வைக்காதே.

அறிமுகம் இல்லாதவரைத் தேநீர் இல்லங்கள் உள்ளே விடாத வழக்கத்தைச் சிலர் திமிர் என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சாப்பாடு வெளியிலிருந்து வருகிறது; அதற்கும், வாடகைக் காருக்கும், கெய்கோவின் கட்டணத்துக்கும் தேநீர் இல்லமே முதலில் பணம் போடுகிறது. விருந்தாளிக்குக் கணக்கு பிற்பாடுதான் போய்ச் சேரும். அழைத்து வந்தவரின் பெயர்தான் பிணை. நம்பிக்கையில் ஓடுகிற தொழில் வேறு எப்படி நடக்கும்?

அதற்காக எல்லாம் பொன்னாக மின்னுகிறது என்று நான் சொல்லவில்லை. பயிற்சிக் காலம் முடியும்வரை மைக்கோவுக்குச் சம்பளம் கிடையாது. உடை, உணவு, பாடம் எல்லாம் வீட்டின் செலவு. கையில் கிடைப்பது கைச்செலவுக் காசு. சட்டம் அனுமதிக்காத வயதில் குடிக்க வைத்தார்கள் என்று முன்னாள் மைக்கோ ஒருவர் 2022இல் வெளிப்படையாக எழுதினார். அந்த அழகைக் கொண்டாடுகிறவர்கள் இதையும் காதில் வாங்க வேண்டும். வீட்டுக்குள் ஒரு பாரம் என்றால், தெருவில் நாமும் சேர்ந்து ஏற்ற வேண்டாம்.

அவர்களைப் பார்க்க உனக்கு நேரான வழி இருக்கிறது. ஏப்ரல் முழுக்க கியோன் கோபு அரங்கில் மியாகோ ஒதோரி என்ற நடன நிகழ்ச்சி நடக்கிறது. தலைநகர் தோக்கியோவுக்குப் போனபின் களையிழந்த கியோட்டோவை நிமிர்த்த 1872இல் தொடங்கிய ஆட்டம் அது. 1913இல் கட்டிய அரங்கைப் பலப்படுத்தி 2023இல் மீண்டும் திறந்தார்கள். "மியாகோ ஒதோரி வா" என்று ஒரு குரல் எழும்ப, "யோயியாசா" என்று பதில் சொல்லிக்கொண்டே இரு பக்கமிருந்தும் நீலக் கிமோனோவில் வரிசை வரிசையாக வருவார்கள். அங்கும் படம் எடுக்க விடமாட்டார்கள், கண்ணுக்கு வேலை கொடு. தேநீரோடு சேர்ந்த டிக்கெட்டையே வாங்கு. அதோடு தரும் இனிப்பின் சிறு தட்டை நீயே வைத்துக்கொள்ளலாம். நல்ல இருக்கைகள் சீக்கிரம் தீர்ந்துவிடும், இந்த வாரமே பதிவு செய்துவிடு.

அன்புடன்,
அக்கா