வினாடி வினாச் செய்தியில் புள்ளி எங்கே?

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

பாடசாலை அணிகளுக்கிடையே வினாடி வினாப் போட்டி நடந்தால் மறுநாள் பத்திரிகைகளில் வரும் செய்தி பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் இருக்கிறது. பிரதம விருந்தினர் யார், சிறப்பு விருந்தினர்கள் யார் யார், முதலிடம் எந்தப் பாடசாலைக்கு, கேடயத்தோடு ஒரு படம். எத்தனைக்கு எத்தனை என்று வென்றார்கள், எந்த மாணவி எத்தனை வினாவுக்கு விடை சொன்னாள் என்பது மட்டும் இருக்காது. பாடசாலைகளின் ‘பிக் மேட்ச்’ கிரிக்கெட் செய்தியை ஓட்டக் கணக்கு இல்லாமல் அச்சிட எந்த ஆசிரியரும் துணியமாட்டார். வினாடி வினாவுக்கும் அந்த மரியாதையைக் கொடுங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

இறுதிப் புள்ளி மட்டும் தெரிந்தால் போட்டி எப்படி நடந்தது என்று விளங்காது. 1962இல் தொடங்கி, 1987இல் நின்று, 1994இல் பிபிசியில் மீண்டும் வந்த பிரித்தானியாவின் ‘யூனிவர்சிட்டி சலெஞ்ச்’ நிகழ்ச்சியின் முறையை எடுத்துக்கொள்வோம். அணிக்கு நால்வர். தொடக்க வினாவுக்கு 10 புள்ளி. யாரோடும் பேசாமல், பசரை (ஒலியெழுப்பும் பொத்தானை) அழுத்தியவரே விடை சொல்லவேண்டும். சரியாகச் சொன்னால் அந்த அணிக்கு மட்டும் மூன்று போனஸ் வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் 5 புள்ளி. இவற்றுக்கு நால்வரும் கலந்து பேசலாம். விடையைத் தலைவர் சொல்வார். வினா முடியுமுன் குறுக்கிட்டுப் பிழையாகச் சொன்னால் 5 புள்ளி கழியும், மற்ற அணிக்கு வினா முழுதாக வாசிக்கப்படும். முழுதாக வாசித்த பிறகு பிழைத்தால் கழிவு இல்லை.

இப்போது ஒரு கணக்கு. ‘அ’ அணி 8 தொடக்க வினாக்களை வென்றது. கிடைத்த 24 போனஸில் 13 சரி. இரண்டு தடவை குறுக்கிட்டுப் பிழைத்தது. 80 + 65 - 10 = 135. ‘ஆ’ அணி 7 தொடக்க வினாக்கள்தான் வென்றது. ஆனால் 21 போனஸில் 17 சரி, கழிவு எதுவுமில்லை. 70 + 85 = 155. பசரில் வேகமாக இருந்த அணி 20 புள்ளியால் தோற்றிருக்கிறது. ‘155–135’ என்று மட்டும் போட்டால் இது தெரியவராது. ‘அ’ அணியின் ஆசிரியர் அடுத்த வருடத்துக்கு வேகத்தையே பயிற்றுவிப்பார். அவர்களுக்கு உண்மையில் தேவைப்படுவதோ போனஸ் நேரத்தில் ஒருவர் சொல்வதை மற்றவர் காதுகொடுத்துக் கேட்கும் பழக்கம்.

வீட்டில் பார்ப்பவர்களும் இந்தக் கணக்கை வைக்கலாம். கட்டம் போட்ட கணக்குக் கொப்பியைக் குறுக்கே திருப்பி 13 நிரல் கீறுங்கள்: முதல் நிரல் வினா இலக்கம்; பிறகு ஒவ்வோர் அணிக்கும் ஆறு நிரல்கள், அதாவது நான்கு போட்டியாளர், ஒரு போனஸ், ஒரு கூட்டுத்தொகை. அரை மணி நேர நிகழ்ச்சிக்கு 30 வரி தாராளம். சரியான தொடக்க விடைக்கு அவரவர் நிரலில் 10. குறுக்கிட்டுச் சொன்ன சரியான விடையானால் அந்த 10ஐச் சுற்றி வட்டம். குறுக்கிட்டுப் பிழைத்தால் -5. முழு வினாவுக்குப் பிறகு பிழைத்தால் 0. இந்த 0ஐ விட்டுவிடாதீர்கள். யாருக்குத் தெரியவில்லை, யார் தெரியாமலே துணிந்தார் என்பதை அதுதான் காட்டும்.

கூட்டுத்தொகையை ஒவ்வொரு வரியிலும் போட முயன்றால் போனஸ் வினா தவறிவிடும். ஐந்து வரிக்கு ஒருமுறை கூட்டி, திரையில் உள்ள எண்ணோடு ஒப்பிடுவதே நல்லது. 5 புள்ளி உதைத்தால் முதலில் -5 எதையாவது எழுதாமல் விட்டீர்களா என்று பாருங்கள். கழிவு திரையில் சத்தமில்லாமல் நடந்துவிடும், வினா தொடுப்பவர் அடுத்த அணிக்குத் திரும்பியிருப்பார். இன்னொரு வழுக்கல், போனஸ் புள்ளியைத் தலைவரின் கணக்கில் எழுதுவது. வாய் அவருடையது, விடை யாருடையதாகவும் இருக்கலாம். போனஸ் அணிக்கு மட்டுமே சேரும்.

‘யூனிவர்சிட்டி சலெஞ்ச்’ நிகழ்ச்சியில் பசர் அழுத்தியதும் அணியின் பெயரையும் அழுத்தியவரின் பெயரையும் ஒரு குரல் அறிவிக்கும். நம் பக்கத்து மேடைகளில் பல இடங்களில் விளக்கு எரிவதோடு சரி. கமரா போய்ச் சேருமுன் விடையும் வந்துவிடும். மேசையில் பெரிய எழுத்தில் இலக்கம் ஒட்டி, ‘இரண்டாம் மேசை, மூன்றாமவர்’ என்று நடுவர் உரக்கச் சொன்னாலே போதும்.

தமிழில் வினா எழுதுவோர் கவனிக்கவேண்டிய ஒன்றும் உண்டு. ‘கோணேசர் ஆலயத்தின் சிதைவுகளைத் திருகோணமலைக் கடலடியில் 1956இல் கண்ட ஆங்கில எழுத்தாளர், தொடர்பாடல் செய்மதிகளுக்கு ஏற்றது என்று 1945இல் எடுத்துக்காட்டிய, நிலத்திலிருந்து ஏறத்தாழ 35,786 கிலோமீற்றர் உயரத்திலுள்ள சுற்றுப்பாதை எது?’ எங்கள் ஊர்ப் பிள்ளை ‘எழுத்தாளர்’ என்றதுமே பசரை அழுத்தி ‘ஆர்தர் சி. கிளார்க்’ என்பாள். -5. விடை புவிநிலைச் சுற்றுப்பாதை. தமிழ் வாக்கியத்தில் ‘எது’ கடைசியில் வருவதால், தெரிந்த பிள்ளைதான் இதில் அகப்படுகிறாள். ‘ஒரு சுற்றுப்பாதையின் பெயர் வேண்டும்’ என்று முதலில் சொல்லிவிட்டுத் தொடங்கினால் குறுக்கிடுவது அறிவுக்கான பரீட்சையாகும். இல்லாவிட்டால் அது சூதாட்டம்.

பசர் இல்லாமல் முறை வைத்துக் கேட்கும் சுற்றில் பிரச்சினை வேறு. நேரடி விடைக்கு 10, ‘பாஸ்’ ஆகி வந்தால் 5 என்று வைத்துக்கொள்வோம். நான்கு அணிகள், அணிக்கு ஐந்து வினா. முதல் அணி நான்கு வினாக்களைத் தவறவிட்டால் அந்த நான்கும் முதலில் போவது இரண்டாவது அணிக்கே. 20 புள்ளிக்கான வாய்ப்பு வெறும் கதிரை அமைப்பால் கிடைக்கிறது. அவற்றில் நான்காவது அணிக்கு மிஞ்சுவது யாருக்கும் தெரியாத வினாதான். சீட்டுக் குலுக்கி இடம் கொடுப்பதால் இது தீராது. பாதிச் சுற்றில் ‘பாஸ்’ போகும் திசையை எதிர்ப்பக்கம் திருப்பிவிடவேண்டும்.

வினா ஏட்டைப் பழையபடியே மறுவருடமும் எடுப்பவர்களுக்கு ஒரு சொல். கசகஸ்தானின் தலைநகர் 2019இல் நூர்-சுல்தான் ஆகி 2022இல் மீண்டும் அஸ்தானா ஆனது. சுவாசிலாந்து 2018 முதல் எஸ்வாத்தினி. மக்கள்தொகையில் இந்தியா சீனாவை முந்தியது 2023இல். இப்படிப்பட்ட வினா ஒவ்வொன்றின் ஓரத்திலும் சரிபார்த்த திகதி இருக்கவேண்டும். மேடையில் தகராறு வந்தபின் கைபேசியைத் தட்டிப் பார்ப்பது நடுவருக்கு அழகல்ல.

தகுதித் திகதியும் அப்படித்தான். 2009இல் ‘யூனிவர்சிட்டி சலெஞ்ச்’ இறுதியில் வென்ற ஒக்ஸ்ஃபோர்டின் கோர்பஸ் கிறிஸ்ரி கல்லூரி பட்டத்தை இழந்தது. அணியில் ஒருவர் தொடர் முடியுமுன்னரே மாணவராக இல்லாமற் போயிருந்தார். பட்டம் மன்செஸ்ரருக்குப் போனது. ஒரே தொடரின் பதிவு இரண்டு கல்வியாண்டுகளில் விழுந்ததால் வந்த சிக்கல் அது. நம்மிடம் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருப்பவர் மாணவரா இல்லையா என்பதை விண்ணப்பப் படிவத்திலேயே எழுதிவிடுவது நல்லது. பல மாதம் நீளும் தொலைக்காட்சித் தொடர் என்றால் கட்டாயம்.

உங்களிடம் கேட்பது ஆறு வரிதான்: இரு அணிகளின் மொத்தப் புள்ளி; வென்ற தொடக்க வினாக்கள்; கிடைத்த போனஸில் எத்தனை சரி; கழிவுகள்; அதிகம் விடை சொன்ன இருவரின் பெயர்; ஆட்டம் திரும்பிய வினா, அதன் விடையோடு. விருந்தினர் பட்டியலில் இரண்டு பெயர் குறைந்தால் இதற்கு இடம் வந்துவிடும். விபரத்துக்கு நிருபரைச் சிரமப்படுத்தவும் வேண்டாம். ஒவ்வோர் அணியும் நான்கு போட்டியாளரோடு ஒரு புள்ளிப் பதிவாளரையும் கூட்டிவரட்டும். இரு பதிவாளரின் தாளும் ஒத்துப்போனால் நடுவர் கையொப்பமிட்டு, அதைப் படமெடுத்து அன்றிரவே உங்களுக்கு அனுப்பிவிடலாம்.

இப்படிக்கு,
வாசகர்,
உவர்மலை, திருகோணமலை.